விழாமல் நின்ற சேர்வர்

எங்கள் அலுவலகத்தின் பொறுப்பாளருக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. சேர்வர் விழக்கூடாது, அதாவது எங்கள் புரோகிராமை ஓட்டும் கணினி நின்றுபோகக்கூடாது. மற்ற எதையும் அவரோடு பேசித் தீர்க்கலாம். லீவு கேட்கலாம், பிந்தி வரலாம், அவர் எழுதியதைப் பிழையென்று முகத்துக்கு நேரே சொல்லலாம், சிரித்துக்கொண்டே கேட்பார். சேர்வர் விழுந்தால் மட்டும் அவர் முகம் கறுத்துவிடும்.

யாழ்ப்பாண நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கிய சிறிய மென்பொருள் அலுவலகம் அது. நான் இணுவிலில் இருந்து ஸ்கூட்டியில் போய்வருவேன். பொறுப்பாளர் குருநகர்க்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எங்களுக்கு இருந்த வாடிக்கையாளர்களில் பெரியது ஒரு தனியார் பரிசோதனை நிலையம். இரத்தம், சிறுநீர், சதைத்துண்டு என்று எல்லாவற்றையும் பரிசோதிப்பார்கள். வலிகாமத்து ஊர்களில் ஒவ்வொரு சந்திக்கும் ஒன்றாக அவர்களுக்குக் கிளைகள் உண்டு. ரிப்போட் தயாரானதும் அதை உரியவரின் தொலைபேசிக்கு அனுப்பும் புரோகிராம் எங்களுடையது.

ஆரம்பத்தில் அது அடிக்கடி விழுந்தது. விழுந்தால் ஒரு கிளையிலும் ஒன்றும் ஓடாது. நிலையத்தின் உரிமையாளர் நேரம் காலம் பார்க்காமல் பொறுப்பாளரைக் கூப்பிட்டு ஏசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசையில் நின்ற மனிதரை வெளியே இறங்க வைத்து ஏசியிருக்கிறார். அடுத்த நாள் பொறுப்பாளர் வந்து, புரோகிராமின் தொடக்கத்தில் சில வரிகளைச் சேர்த்தார். யாரும் கவனிக்காமல் விட்ட எந்தப் பிழை வந்தாலும் அதை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்ந்து ஓடு என்பதுதான் அந்த வரிகளின் பொருள். அதன்பிறகு சேர்வர் விழவில்லை. உரிமையாளர் தீபாவளிக்குப் பலகாரப் பெட்டி அனுப்பினார்.

அந்த வரிகள் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வகைப் புரோகிராம் ஒரு வேலையை வெளியே சொல்லிவிட்டு அதன் பதிலுக்காக நின்று கொட்டாவி விடுவதில்லை. கடைக்கு ஆள் அனுப்பிவிட்டு இங்கே அடுப்பை மூட்டுவதுபோல, பதில் வரும்வரை அடுத்த வேலையைப் பார்க்கும். சாமான் வந்தால் வாங்கி வைக்க ஒருவர் வேண்டும். சாமான் இல்லை என்று பதில் வந்தால் அதைக் கேட்கவும் ஒருவர் வேண்டும். இந்த இரண்டாவது ஆளைத்தான் எழுதுகிறவர்கள் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். அப்படிக் கேட்பாரில்லாமல் பின்னாலே வந்து சேரும் பிழை, புரோகிராம் முழுவதையும் விழுத்திவிடும். அதை அப்படி வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே எது பாதியில் நிற்கிறது, எது குழம்பிக் கிடக்கிறது என்று தெரியாதபோது, தொடர்ந்து ஓடுவதைவிட விழுந்து புதிதாக எழும்புவது பாதுகாப்பு.

இதை நான் பொறுப்பாளரிடம் சொன்னேன். ஒருமுறை அல்ல, வாய் உளையும்வரை சொன்னேன். அவர் பாலில்லாத பிளேன்ரீயை உறிஞ்சிக்கொண்டு கேட்டுவிட்டு, "தங்கச்சி, விழுந்தால் ஏச்சு எனக்கு. விழாட்டி ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது" என்றார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் எனக்கும் பயம் என்றேன். அவர் சிரித்தார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

அந்த ஆண்டின் மழைக்காலம் முடியும் தறுவாயில் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. அம்மாவுக்கு அது முதலே தெரிந்திருக்கிறது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு திரிந்ததால் எனக்குத்தான் பிந்தித் தெரிந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். அண்ணன் கனடாவில். நான் கண்ட அன்றைக்கே அண்ணனுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து அதன் நிர்வாகம் முழுவதும் ரொறன்ரோவில் இருந்து நடந்தது. எந்த டொக்டர், எந்தப் பரிசோதனை, எந்த நாள் என்று எல்லாம் அவன்தான் தீர்மானித்தான். வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடுகளில் இப்படித்தான். நாங்கள் பக்கத்தில் நிற்கிறவர்கள் வண்டி ஓட்டுவோம்.

அண்ணன் ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருந்தான். ரிப்போட் தன்னுடைய நம்பருக்குத்தான் வர வேண்டும், அம்மாவின் கையில் போகக்கூடாது. இதில் அவன் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். கிளைகளில் இருக்கும் பெண்பிள்ளைகளிடம், "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, என்னட்டைத் தாங்கோ" என்று ஒவ்வொரு நாளும் யாராவது வந்து கெஞ்சுவதால், உரிமையாளர் சொல்லி எங்கள் புரோகிராமிலேயே அதற்கு ஒரு பெட்டி வைத்துக் கொடுத்திருந்தோம். "நோயாளியிடம் கொடுக்க வேண்டாம்." அதில் சரி போட்டால் கடதாசி ரிப்போட் அச்சாகாது. கொடுத்த நம்பருக்கு மட்டும் போகும். எங்கள் அலுவலகம் செய்த வேலைகளில் அதிகம் பாராட்டுப் பெற்றது அந்தப் பெட்டிதான்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு ஈரலில் கான்சர். அவருக்குச் சொன்னது காஸ்ரிக், வெறும் வயிற்றெரிவு என்று. டொக்டருக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், மாமாமாருக்குத் தெரியும், அம்மாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அம்மா ஒவ்வொரு நேரமும் வெள்ளை நிறத்தில் ஒரு மருந்துப் பாணியைக் கரண்டியில் ஊற்றி, காஸ்ரிக்குக்கு இது நல்லது என்று சொல்லிக் கொடுத்தார். அப்பா தோட்டத்தில் வெங்காயம் நட ஆள் பிடிப்பது பற்றிக் கதைத்துக்கொண்டே மெலிந்து போனார். நான் அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். சோதினை முடியட்டும் என்று எனக்கும் சொல்லவில்லை. கடைசிக் கிழமையில்தான் வரச்சொன்னார்கள். அப்பா என்னைக் கண்டதும், இந்தக் காஸ்ரிக் ஏன் இன்னும் மாறவில்லை என்று என்னிடம் கேட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே அம்மாவின் கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்து அனுப்பிய நாளில், நான் மனதுக்குள் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன். என்ன வந்தாலும் அம்மாவுக்கு உள்ளதைச் சொல்வது. அதை அண்ணனிடம் சொல்லவில்லை. அவனோடு தொலைபேசியில் சண்டை பிடித்து வென்றவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஊசியால் எடுத்தது எங்கள் ஊர்க் கிளையில்தான். நான் ஸ்கூட்டியை நிழலில் விட்டுவிட்டு உள்ளே போவதற்கிடையில் அம்மா அண்ணனுடைய நம்பரைக் கொடுத்து விபரமெல்லாம் சொல்லி முடித்திருந்தார், அண்ணன் விருப்பப்படி அந்தப் பெட்டியிலும் சரி போட்டிருந்தார்கள். மாதிரியைக் கொழும்புக்கு அனுப்புவோம், ஒன்றரைக் கிழமை செல்லும், வந்ததும் மெசேஜ் போகும் என்றார்கள்.

ஒன்றரைக் கிழமை போயிற்று. இரண்டு கிழமையும் போயிற்று. அண்ணனைக் கேட்டால் ஒண்டும் வரேல்லை என்றான். நான் நம்பவில்லை. அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அவனுக்குக் கோல் எடுத்து, எனக்கு உண்மையைச் சொல்லு என்றேன். அம்மாவாணை வரவில்லை என்றான். அப்பா விஷயத்திலும் அவன் இதே சத்தியத்தை எனக்குச் செய்திருக்கிறான். அந்தப் புரோகிராமை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் அதில் பிழை இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போது வரவில்லை. அலுவலகத்தில் திரையைப் பார்த்தால் மெசேஜுகள் போய்க்கொண்டே இருந்தன. ஆகவே பொய் சொல்வது அண்ணன்தான் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் அம்மா மாறத் தொடங்கினார். வெளியில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சமைத்தார், முற்றம் கூட்டினார், சீரியல் பார்த்தார். ஆனால் ஒரு காலை, அடுப்படியில் பெரிய தாச்சி ஏறியிருந்தது. செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து மில்லுக்கு அனுப்பினார். அண்ணனுக்குத் தூள் அனுப்புவது வழக்கம்தான், ஆண்டுக்கு ஒருமுறை, யாராவது போகும்போது கொடுத்துவிடுவார். இந்த முறை திரித்து வந்த தூள் ஒரு சாக்கில் பாதி இருந்தது. இவ்வளவும் எதற்கு என்று கேட்டேன். அவனுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்குக் காணும், பிறகு ஆர் திரிச்சு அனுப்பப் போகினம் என்றார். சொல்லிவிட்டுத் தாச்சியைக் கழுவப் போய்விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அங்கே சந்நிதி முருகன் கோயிலுக்கு அம்மா எப்போது போனாலும் ஏதாவது நேர்த்திக்கடன் வைப்பார். எனக்கு வேலை கிடைக்க வைத்தார், அண்ணனுக்கு விசா கிடைக்க வைத்தார், பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈனக்கூட வைத்தார். அன்றைக்கு ஒன்றும் வைக்கவில்லை. கும்பிட்டார், மடத்தில் அன்னதானம் சாப்பிட்டார், ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றார். என்ன கேட்டீங்கள் என்று வரும் வழியில் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபோதுதான் கேற்றைத் திறந்துகொண்டே சொன்னார்.

"ரிப்போட் அவனுக்குப் போயிட்டுது, பிள்ளை. நான் கிளையிலை போய்க் கேட்டனான். அங்கை கொம்பியூட்டரிலை பாத்துத்தான் அந்தப் பிள்ளை சொன்னது. நல்லதெண்டால் அவன் அண்டைக்கே எடுத்துச் சொல்லியிருப்பான்தானே. கொப்பருக்கு நாங்கள் செய்ததைத்தான் இப்ப அவன் எனக்குச் செய்யிறான். செய்யட்டும். நானும் தெரியாத மாதிரி இருந்திட்டுப் போறன்."

அம்மாவின் குரலில் அழுகை இல்லை. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று தெரிந்தவர் அதை இன்னொருவர் செய்வதைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. பதிலாக, கொம்பியூட்டரில் என்ன எழுதியிருந்தது, அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"அனுப்பப்படுகிறது எண்டு இருந்தது. வாசிச்சுக் காட்டினவள்."

எப்போது போய்க் கேட்டீர்கள் என்றேன். முதல் தடவை போன கிழமை, பிறகு நேற்று, இரண்டு தரமும் அதுதான் என்றார். அம்மா உள்ளே போய்விட்டார். நான் ஸ்கூட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். எங்கள் புரோகிராமில் அந்தச் சொல் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்க நியாயம் இல்லை. ஒன்றில் "அனுப்பப்பட்டது" என்று மாற வேண்டும், அல்லது "தவறியது" என்று மாற வேண்டும். ஒரு கிழமையாக ஒரு மெசேஜ் அனுப்பப்பட்டுக்கொண்டே இருக்க முடியாது. அண்ணன் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் உண்மை சொன்னான், அதை நம்ப ஒருவரும் இருக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் நான் முதல் செய்தது, பொறுப்பாளரின் வரிகள் பிழைகளை எழுதிவைத்த அந்தக் கோப்பைத் திறந்ததுதான். அதை அதுவரை யாரும் திறந்ததில்லை. திறக்கவே நேரமெடுத்தது, அவ்வளவு பெருத்திருந்தது. பெரும்பாலும் குப்பை. எங்கள் கிளையின் பெயர் வரும் இடங்களை மட்டும் தேடிக்கொண்டு போனேன். ஒரு வரியில் நின்றேன். வெளிநாட்டுக்கு மெசேஜ் அனுப்பும் சேவை ஒரு நம்பரை ஏற்க மறுத்திருந்தது. நம்பரின் கடைசி இலக்கங்கள் அண்ணனுடையவை. முன்னால் இரண்டு சைபர்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வாயை மூடிக்கொண்டேன். அம்மாவின் தலைமுறைக்குக் கனடா நம்பர் என்றால் அது இரண்டு சைபரில்தான் தொடங்கும். தொலைபேசி அட்டை வாங்கிச் சுரண்டி, சைபர் சைபர் என்று அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதைத்த காலத்தில் மனப்பாடம் செய்த நம்பர். அதை அப்படியே சொல்லியிருக்கிறார். கிளையில் இருந்த பெண்ணும் அப்படியே அடித்திருக்கிறாள், அவள் வீட்டிலும் அப்படித்தானே சொல்வார்கள். எங்கள் படிவம் அதை வாங்கிக்கொண்டது. வெளியே இருந்த சேவை நாட்டுக் குறியீட்டில் தொடங்கும் நம்பரைத்தான் ஏற்கும், அதற்கு மட்டும் அது விளங்கவில்லை. மறுப்பு சில விநாடிகள் கழித்து வந்தது. அதைக் கேட்க அந்த இடத்தில் யாரையும் நாங்கள் வைத்திருக்கவில்லை.

அதோடு போயிருந்தால் ஒரு மெசேஜ்தான் போகாமல் இருந்திருக்கும். ஆனால் ஒரே ரிப்போட் இரண்டு தரம் போய்விடக்கூடாது என்பதற்காக, அனுப்பத் தொடங்கும்போது புரோகிராம் அந்தக் கிளைக்கு ஒரு தடை போடும், அனுப்பி முடிந்ததும் எடுக்கும். பிழை இரண்டுக்கும் நடுவில் வந்தது. தடையை எடுக்க வேண்டிய வரிக்கு வேலை வரவே இல்லை. புரோகிராம் விழுந்திருந்தால் அந்தத் தடையும் கணினியின் நினைவகத்தோடு சேர்ந்து அழிந்திருக்கும். எழும்பி, மறுபடி அதே நம்பரில் தடுக்கி, மறுபடி விழுந்திருக்கும். அன்று மத்தியானத்துக்குள் உரிமையாளர் ஏசியிருப்பார், நாங்கள் பார்த்திருப்போம். அது விழவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற ஊர்களுக்கெல்லாம் மெசேஜ் போனது. எங்கள் கிளையின் வரிசை மட்டும் அம்மாவின் பின்னால் அசையாமல் நின்றது.

அந்த வரிசையைப் பார்த்தபோதுதான் ஏன் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை என்பது விளங்கியது. சாதாரண ஆட்கள் மெசேஜ் வராவிட்டால் சந்தைக்குப் போகும் வழியில் கிளையில் ஏறிக் கடதாசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், கடதாசி கொடுத்ததும் அவை வரிசையிலிருந்து எடுபட்டுவிடும். மிச்சம் நின்றவை எல்லாம் அந்தப் பெட்டியில் சரி போட்டவை. பிள்ளைகள் ரிப்போட் இன்னும் வரவில்லை என்று காத்திருந்தார்கள். பெற்றோர், பிள்ளைகள் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். எங்கள் அம்மாவைப்போல எத்தனை வீட்டில் தூள் திரித்தார்களோ தெரியாது.

அம்மாவின் ரிப்போட்டும் அங்கேதான் இருந்தது. ஒரு விசையைத் தட்டினால் திறந்து வாசித்திருக்கலாம். நான் திறக்கவில்லை. மற்றவர்களின் ரிப்போட்டை நாங்கள் பார்ப்பதில்லை என்பது அலுவலக விதி, அதை மீற எனக்கு மனமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பயமும் இருந்தது.

பொறுப்பாளர் வந்ததும் அவரை என் கதிரையில் இருத்தி அந்த வரியைக் காட்டினேன். தடையைக் காட்டினேன். வரிசையைக் காட்டினேன். அதன் முன்னால் நிற்பது என்னுடைய அம்மா என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு அந்தக் கோப்பின் தொடக்கத்திலிருந்து மெதுவாக வாசித்துக்கொண்டு வந்தார். நான் எழுந்து போய் ஜன்னலில் நின்றேன். கீழே ஓட்டோக்காரர்கள் இருவர் இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள். அவர்களுடைய சண்டை தீர்ந்த பிறகும் அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிப் பிளேன்ரீ ஆறிப் போனது. கடைசியில், அந்த வரிகளை எடுத்துவிடுவோம் என்றார். எடுத்தால் மட்டும் போதாது என்றேன். அன்று முழுவதும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்தோம். வெளியே அனுப்பும் ஒவ்வொரு வேலைக்கும், மறுப்பு வந்தால் கேட்க அதே இடத்தில் ஆள் வைத்தோம். ஒரு நம்பர் பிழைத்தால் அந்த ஒரு ரிப்போட் மட்டும் "தவறியது" என்று சிவப்பில் நிற்கும், கிளையில் இருப்பவர் பார்த்துத் திருத்துவார், பின்னால் நிற்பவை போகும். அனுப்புவது சரிவந்தாலும் பிழைத்தாலும் தடை கழன்றே தீர வேண்டும் என்று மாற்றினோம். இரண்டு சைபரில் தொடங்கும் நம்பரைப் படிவமே திருத்திக்கொள்ளும், ஏற்கெனவே வரிசையில் நின்ற அம்மாவுடையதையும் திருத்திவிட்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும் நாங்கள் நினைத்துப் பார்க்காத பிழை ஒன்று வரத்தான் போகிறது. அதற்கு என்ன செய்வது என்பதில்தான் அவர் நெடுநேரம் தயங்கினார். பிழையை எழுதிவைக்க வேண்டும், புதிய வேலை எதையும் எடுக்கக்கூடாது, கையில் உள்ளவற்றை முடிக்கக் கொஞ்ச அவகாசம் கொடுத்து, தரவுத்தளத்தை ஒழுங்காக மூடிவிட்டு, புரோகிராம் தானாகவே விழ வேண்டும். காவலுக்கு நிற்கும் இன்னொரு சிறிய புரோகிராம் அதை எழுப்பிவிடும். எது போனது, எது போகவில்லை என்பது தரவுத்தளத்தில் இருப்பதால், எழும்பியதும் விட்ட இடத்தில் தொடரும். நான் இதைச் சொல்லச் சொல்ல அவர் தலையைத் தலையை ஆட்டினார். விரல் மட்டும் விசைப்பலகைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை நினைவுக்கு வந்திருக்கும்.

"சரி, விழட்டும்" என்றார் முடிவில். "ஆனா விழேக்கை முதல் எனக்குப் போன் அடிக்கவேணும். அவர் ஏசுறதுக்கு முதல் எனக்குத் தெரியவேணும்."

அதையும் சேர்த்தோம். பின்னேரம் புதிய புரோகிராமை ஏற்றிவிட்டு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் வரிசை அசைந்தது. முதலாவதாக நின்ற ரிப்போட் "அனுப்பப்பட்டது" என்று மாறியது. அதன் பின்னால் மற்றவை ஒவ்வொன்றாக மாறின. பொறுப்பாளர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அண்ணன் அன்றைக்கே எடுத்தான். அம்மாவின் நம்பருக்கு அல்ல, என்னுடையதுக்கு. அவனுக்குக் காலை. பார்சல் கொடுக்கும் வேனை எங்கோ ஓரமாக நிறுத்திவிட்டுக் கதைத்தான்.

"அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?" என்றான்.

அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இல்லை என்றேன். கான்சர் என்று எழுதியிருக்கிறது என்றான். அம்மாவுக்குச் சொல்லாதே, சாதாரணக் கட்டி, வெட்டி எடுத்தால் சரி என்று சொல்லி ஒப்பரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போ, மிச்சம் நான் பார்க்கிறேன் என்றான். ரிப்போட்டை எனக்கு அனுப்பு, டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவன் அதைக் கவனித்தானோ தெரியாது. அழுதுகொண்டிருந்தான்.

அடுத்த நாள் டொக்டரிடம் தனியே போனேன். அவர் ரிப்போட்டை வாசித்துவிட்டு, இது மெதுவாக வளரும் வகை, கழுத்துக்குள்ளேயே நிற்பதுபோலத்தான் தெரிகிறது, தைரொயிட் சுரப்பியை எடுத்துவிட்டுக் காலம் முழுவதும் ஒரு குளிசை போட்டால் பெரும்பாலும் சுகமாக இருக்கலாம் என்றார். அம்மாவுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று அவரும் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்பவர் என்பது அவர் கேட்ட விதத்தில் தெரிந்தது. உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா இப்போதும் விடிய எழும்பிக் குளிசையைப் போட்டுவிட்டு, அது வேலை செய்யும்வரை தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதற்காக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு அதைவிட மறக்காமல் இருப்பது, டொக்டரிடம் போய்வந்த அன்றைய பின்னேரம்தான்.

அம்மா சாப்பாட்டு மேசையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது. மெசேஜ் இவ்வளவு நாளும் போகவில்லை, அண்ணன் மறைக்கவில்லை, நேற்றுத்தான் அவனுக்குக் கிடைத்தது என்று முதலில் சொன்னேன். அம்மா உருவுவதை நிறுத்தவில்லை. பிறகு சொன்னேன்.

"அம்மா, அது கான்சர்தான். கழுத்துக்குள்ளைதான் நிக்குதாம். சுரப்பியை எடுத்தால் சுகமா இருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர். நான் இதிலை ஒண்டையும் மறைக்கேல்லை."

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா கையை நீட்டினார். நான் தொலைபேசியைக் கொடுத்தேன். தூரப் பிடித்து, ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி, முழுவதையும் வாசித்தார். அவருக்கு விளங்கும் சொல்லும் விளங்காத சொல்லும் அதில் இருந்திருக்கும். திருப்பித் தந்துவிட்டு ஒப்பரேஷன் எப்போது என்று கேட்டார். பெரியாஸ்பத்திரியிலா பிரைவேற்றிலா என்று கேட்டார். எனக்கு அன்று லீவு கிடைக்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்க்க எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

அப்போது மேசையில் இருந்த அவருடைய தொலைபேசி அடித்தது. வீடியோ. அண்ணன்.

அம்மா எடுக்கவில்லை. அடிக்க விட்டுவிட்டு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்குத் தெரியுமெண்டு கொண்ணனுக்குச் சொல்லிப்போடாதை, பிள்ளை. அங்கை தனிய நிக்கிறவன். தாங்கமாட்டான்."

பிறகு தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு எடுத்தார். அண்ணன் சிரித்த முகமாக இருந்தான். சின்னக் கட்டிதானாம் அம்மா, பயப்பட ஒன்றும் இல்லை, சும்மா வெட்டி எடுத்துவிடுவார்கள் என்றான். நன்றாகச் சொன்னான். எனக்குத் தெரிந்திருக்காவிட்டால் நானே நம்பியிருப்பேன்.

"ஓம் ராசா, நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றார் அம்மா. "நீ ஒண்டுக்கும் யோசியாதை. சாப்பிட்டனியோ?"

அவருடைய குரல் கொஞ்சமும் பிசகவில்லை. ஆனால் வீடியோவில் தெரியாத இடத்தில், மேசைக்குக் கீழே, முருங்கையிலை ஒட்டிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அண்ணன் அங்கே பனி கொட்டுவதைப் பற்றிச் சொன்னான், வேனின் ரயர் மாற்றியதைச் சொன்னான், அம்மா ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றார். அவன் கதைத்து முடித்துப் போனை வைக்கும்வரை அவர் என் கையை விடவில்லை.